சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஆஃப் ஆகிறதா? ஃபியூயல் பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக: 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 85,000 கி.மீ. ஓடியது. சிக்னலில் பிரேக் போட்டு நிற்கும்போது ஆர்பிஎம் இறங்கி, வண்டி நடுங்கி ஆஃப் ஆகிறது. ஏ.சி. ஓடினால் இன்னும் மோசம். உடனே செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, இழுவையில் குறை இல்லை. போன மாதம் பேட்டரி மாற்றினார்கள், தொந்தரவு அதற்குப் பிறகுதான். ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. இப்போது ஃபியூயல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே பம்பின் மேலுள்ள சந்தேகத்தைக் குறைக்கின்றன. பம்பு தளர்ந்தால் முதலில் அடிபடுவது இழுவைதான், ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவது) அல்ல. இந்த அளவு எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான் குடிக்கும். மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் நன்றாக மிதித்தால் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தேவைப்படும். அந்த நேரத்தில் மூச்சுத் திணறாமல் பெட்ரோல் கொடுக்கிற பம்பு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் கைவிடுவது அரிது. பம்பின் கனெக்டரோ ரிலேவோ விட்டு விட்டுத் தொடர்பு இழந்தால் அப்படி நடக்கலாம். ஆனால் அப்போது எஞ்சின் சாகும் விதமே வேறு.

அந்த "சாகும் விதம்"தான் முதலில் கவனிக்க வேண்டியது. ஆர்பிஎம் 750-லிருந்து 600, 450 என்று இறங்கி, ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கி, ஒருமுறை தூக்கிப்போட்டு ஆஃப் ஆனால் காற்று, கலவை, கம்ப்ரஷன், கூடுதல் பளு இவற்றில் ஏதோ ஒன்று. நடுக்கமே இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பொட்டென்று நின்றால் மின்சாரம்: எஞ்சின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சர், மெயின் ரிலே, எர்த் வயர், பேட்டரி டெர்மினல், இக்னிஷன் சுவிட்ச். ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நின்று, மீட்டரில் சாவி விளக்கு சிமிட்டினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) சாவியை ஏற்கவில்லை. உங்களுடையது தெளிவாக முதல் வகை.

ஐட்லிங்கில்தான் ஏன் இந்தக் கோளாறெல்லாம் தலைகாட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்ற சோதனைகளெல்லாம் அதிலிருந்தே வருகின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 ஆர்பிஎம்-இல் சுற்றும்போது விநாடிக்கு 25 முறைதான் எரிகிறது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 40 மில்லிவிநாடி இடைவெளி. ஒன்று தவறினால் அடுத்தது வரும்வரை எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் இருக்கும் சுழற்சிதான் துணை. 3,000 ஆர்பிஎம்-இல் ஃப்ளைவீலில் இருக்கும் ஆற்றலில் பதினாறில் ஒரு பங்குதான் 750-இல் இருக்கும். அதனால் ஓட்டும்போது தெரியாமல் போகும் சிறு குறை, நிற்கும்போது எஞ்சினையே அணைத்துவிடும். எஞ்சினுக்குப் போகும் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும் அந்த நிலையில் காற்று போவது மயிரிழை இடைவெளி வழியாகத்தான். அந்த இடைவெளியில் கரி படிந்தாலும் தொந்தரவு, வேறு எங்கிருந்தாவது கணக்கில் வராத காற்று நுழைந்தாலும் தொந்தரவு.

பேட்டரி மாற்றியதுதான் முக்கியமான துப்பு

85,000 கி.மீ. ஓடிய வண்டியில் த்ராட்டில் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையமாகக் கரி படிந்திருக்கும். இது ஒரே நாளில் படிவதில்லை. படியப் படிய எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது இசியு, தட்டை இம்மி இம்மியாகக் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வரும். "இந்த வண்டிக்கு இவ்வளவு திறந்தால்தான் 750 நிற்கும்" என்று ஒரு கற்ற மதிப்பை நினைவில் வைத்திருக்கும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் அந்த மதிப்பு அழிந்து, புதுத் த்ராட்டில் பாடிக்கான (அந்தத் தட்டு பொருத்திய பகுதி) கணக்குக்கே இசியு திரும்பிவிடும். தட்டோ அழுக்காகவே இருக்கிறது, கணக்கு மட்டும் சுத்தமான தட்டுக்கானது. காற்று பற்றாமல் ஐட்லிங் விழுகிறது. பேட்டரி மாற்றிய பிறகு தொந்தரவு ஆரம்பித்தது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். புதுப் பேட்டரியின் மேல் பழி போடவே தேவையில்லை.

ஆனால் ஒன்று: பேட்டரி டெர்மினல் சரியாக இறுகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கையால் திருகினால் அசையக் கூடாது. மீட்டரில் கடிகாரமோ ட்ரிப் மீட்டரோ தானாகவே பூஜ்யத்துக்குப் போகிறது என்றால் டெர்மினல் தளர்ந்து, இசியு ஒவ்வொரு முறையும் கற்றதை மறக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் தீராது.

அதேபோல, "டெர்மினலைக் கழற்றி மாட்டினால் ரீசெட் ஆகிச் சரியாகிவிடும்" என்ற ஆலோசனையைக் கேட்காதீர்கள். உங்கள் விஷயத்தில் கோளாறைக் கொண்டுவந்ததே அதுதான். தவிர, இசியு-வில் பதிந்திருக்கும் கோளாறுக் குறியீடும் (கோடு), கோளாறு நடந்த நொடியில் பதிவான விவரங்களும் அதோடு அழிந்துவிடும்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது

முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை என்று தெரிய வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிள் நேராகத் த்ராட்டில் பாடிக்குப் போனால், ஐட்லிங்கைக் கவனிக்க ஐ.ஏ.சி. வால்வு என்ற சின்ன மோட்டார் வால்வு தனியாக இருக்கும். அதன் காற்றுத் துளையிலும் கரி அடைக்கும். கேபிள் இல்லாமல் ஆறு வயர் கனெக்டர் மட்டும் போனால் எலக்ட்ரானிக் த்ராட்டில். தட்டையே மோட்டார் திறந்து மூடும்.

எஞ்சின் ஆறியிருக்கட்டும். சாவி ஆஃபில், கையில். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். கரி பெரும்பாலும் தட்டின் பின்பக்கத்திலும், தட்டு மூடும்போது உடம்பைத் தொடும் கோட்டிலும்தான் இருக்கும். ஆகவே வண்டியிலேயே வைத்து முன்னாலிருந்து ஸ்ப்ரே அடிப்பது அரைகுறை வேலை. கனெக்டரைக் கழற்றி, மூன்று அல்லது நான்கு போல்ட்டை எடுத்து, பாடியை வெளியே கொண்டுவருவதே சரி. கூலன்ட் ஹோஸ் அதன் வழியாகப் போகும் மாடல்களில் அவற்றை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கழற்ற வேண்டும். பிறகு கூலன்ட் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

த்ராட்டில் பாடி க்ளீனர் என்று எழுதிய கேனையே வாங்குங்கள். கார்புரேட்டர் க்ளீனர்களில் சில தட்டின் விளிம்பில் கம்பெனியே பூசியிருக்கும் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சைக் கரைத்துவிடும். அந்தப் பூச்சு அழுக்கு அல்ல, விளிம்பில் காற்று கசியாமல் காப்பது அதுதான். உப்புத்தாள், ஸ்க்ரூடிரைவர் நுனி எதுவும் படக் கூடாது. துணியில் ஸ்ப்ரே செய்து துடையுங்கள், பழைய டூத் பிரஷ்ஷால் விளிம்பைத் தேயுங்கள். ஷாஃப்ட் பேரிங்குக்குள்ளும் மோட்டார் பக்கமும் திரவம் ஓடாதபடி பாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். தட்டை விரலால் மெதுவாகத் திறக்கலாம், கனெக்டர் கழற்றியிருக்கும் நிலையில் மட்டும். உள்ளே இருக்கும் கியர்கள் பிளாஸ்டிக். சாவி ஆனில் மோட்டாரோடு மல்லுக்கட்டினால் பல் உடையும்.

மாட்டும்போது கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். பழையதையே போட்டுக் காற்றுக் கசிவு உண்டாக்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. போல்ட்டுகள் சின்னவை, 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் இறுக்கினால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் மரை சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது மறுகற்றல். ஸ்கேனரில் "த்ராட்டில் அடாப்டேஷன்" அல்லது "ஐடில் லேர்ன்" இருந்தால் அதைச் செய்வதே முறை. இல்லையென்றால் பல வண்டிகளுக்கு ஒத்துவரும் வழி இது: எல்லா விளக்கும் ஏ.சி.யும் ஆஃபில் வைத்து, பெடலைத் தொடாமல் சாவியை ஆனில் 30 விநாடி வையுங்கள்; பிறகு ஆஃப் செய்து 15 விநாடி விடுங்கள். இதை இரண்டு முறை செய்தபின் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு ஏ.சி. போட்டு 5 நிமிடம். சுத்தம் செய்ததும் முதலில் ஐட்லிங் 1,100, 1,300 என்று ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். அழுக்குத் தட்டுக்காக ஓரளவு கற்றிருந்த மதிப்பை இப்போது சுத்தமான தட்டுக்குப் போடுகிறது. கற்கக் கற்க இறங்கும்.

"ஸ்லோ ஸ்பீடை ஏத்திக் கொடுங்க" என்று கேட்டு, யாராவது த்ராட்டில் தட்டின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்ப விடாதீர்கள். கார்புரேட்டர் காலத்து வேலை அது. இன்றைய வண்டியில் அந்த ஸ்க்ரூ கம்பெனியில் பெயின்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். தட்டு முழுதாக மூடிய நிலை எது என்பதற்கு இசியு-வின் அடிப்படையே அதுதான். அதை மாற்றினால் பிறகு எந்தச் சோதனையும் சரியான விடை தராது.

ஸ்கேனரில் எதைப் பார்ப்பது

சுத்தம் செய்தும் தீரவில்லை என்றால், அடுத்த பார்ட்ஸை வாங்கும் முன் ஸ்கேன் செய்தாக வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் 16 பின் ஓபிடி போர்ட் இருக்கும். இஎல்எம் 327 வகை ப்ளூடூத் அடாப்டரும் செல்போன் ஆப்பும் இருந்தாலே லைவ் டேட்டா, அதாவது எஞ்சின் ஓடும்போதே சென்சர்கள் காட்டும் எண்கள், கிடைக்கும். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. விளக்கு எரியாமல் "பென்டிங்" நிலையில் கோடு இருக்கலாம்.

பி0506 என்றால் ஐட்லிங் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர்; கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும், 0 என்றால் பல சிலிண்டர். பி0335 கிராங்க் சென்சர். இவையெல்லாம் எங்கே தேட வேண்டும் என்று காட்டுபவைதான். பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சரை மாற்றுவது, கெட்ட செய்தி சொன்னவனையே தண்டிப்பது போன்றது.

உண்மையான பதில் லைவ் டேட்டாவில்தான் இருக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டில், ஏ.சி. ஆஃபில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்ட் அழுத்தம், அதாவது மேப் சென்சர் அளவு. நல்ல எஞ்சினில் ஐட்லிங்கில் 28 முதல் 40 கிலோபாஸ்கல். 45-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு: காற்றுக் கசிவு, வால்வு சரியாக மூடாதது, டைமிங் தள்ளியது, அல்லது கூடுதல் பளு. இந்த சென்சரே சரியா என்பதை ஒரு நொடியில் சோதிக்கலாம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்; சென்னையில் 100-ஐ ஒட்டி, ஊட்டியில் 77, 78 அளவில்.

ஃபியூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய இசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி ±10% உள்ளே இருந்தால் கவலை இல்லை. ஐட்லிங்கில் +20% இருந்து, 2,500 ஆர்பிஎம்-க்கு ரேஸ் செய்ததும் +5%-க்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் பரவாயில்லாமல் இருந்து, ரேஸ் செய்யச் செய்ய, இழுவையில் ஓட்ட ஓட்ட ஏறினால் பெட்ரோல் பற்றவில்லை. பம்பு, ஃபில்டர், இன்ஜெக்டர் மூன்றையும் அப்போது சந்தேகிக்கலாம். பம்பை மாற்றச் சொன்னவரிடம் இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே சொன்ன +20% விதி, வரும் காற்றை ஏர் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே அளக்கும் மாஃப் சென்சர் வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும். கொரோலா ஆல்டிஸ் அந்த வகை. ஆனால் மாருதியின் கே-சீரிஸ், ஹூண்டாயின் கப்பா போன்ற நம் ஊர்ச் சின்ன எஞ்சின்கள் மேப் சென்சரை வைத்தே காற்றைக் கணக்கிடுகின்றன. கசிவு வழியாக நுழையும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை ஏற்றிவிடுவதால், அதற்கும் சேர்த்தே பெட்ரோல் போடப்படும். ட்ரிம் பெரிதாக நகராது, ஐட்லிங் ஏறப் பார்க்கும், இசியு தட்டை மூடிச் சமாளிக்கும். ஆக, மேப் வண்டியில் ட்ரிம் நன்றாக இருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கசிவு ஒரே சிலிண்டருக்குப் பக்கத்தில், உதாரணமாக ஓர் இன்ஜெக்டரின் ஓ-ரிங்கில் இருந்தால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடந்து மிஸ்ஸிங் அடிக்கும்.

கூலன்ட் வெப்பநிலையையும் பாருங்கள். முழுச் சூட்டில் 85 முதல் 100 டிகிரி வரை இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் சென்சர் வயர் அறுந்திருக்கிறது. சூடான எஞ்சினை இசியு பச்சைத் தண்ணீர்போல் நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றும், கறுப்புப் புகையோடு ஆஃப் ஆகும்.

காற்றுக் கசிவைத் தேடுவது

நம் ஊரில் முதல் சந்தேகம் எலி. நிழலில் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் ஏறி வேக்யூம் ஹோஸையும் சென்சர் வயரையும் கடித்துவிடும். த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் செருகியிருக்கும் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தடவிப் பாருங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. வெடிப்பு பெரும்பாலும் ஹோஸ் வளையும் இடத்திலும் முனையிலும் இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, வளைத்தால் வாய் திறக்கும்.

எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸாக மூக்கு பிளையரில் துணி சுற்றி அழுத்திப் பிடியுங்கள். எதை அழுத்தும்போது ஐட்லிங் நேராகிறதோ, கசிவு அந்த வழியில். சூடான எஞ்சின் மேல் பெட்ரோலோ க்ளீனரோ தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தீப்பிடிக்கும். தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலே போதும்: கசியும் இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் ஓசையும் ஆர்பிஎம்-உம் மாறும். கனெக்டர்கள் மேல் மட்டும் தெளிக்காதீர்கள். ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் கடை கிடைத்தால் இன்னும் நல்லது. புகை வெளிவரும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மூன்று பாகங்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினால் டக் டக் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிசுக்கு ஏறி ஒட்டியிருக்கிறது. பெரும்பாலான கார்களில் சில நூறு ரூபாய்தான், சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம்.

எஞ்சினின் உறிஞ்சலை வைத்துப் பிரேக் மிதியை எளிதாக்கும் பிரேக் பூஸ்டர், உங்கள் விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது, ஏனென்றால் "பிரேக் போட்டு நிற்கும்போது" என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் ஆஃபில் பெடலை ஐந்தாறு முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். பிறகு ஐட்லிங்கில் பெடலை 30 விநாடி அழுத்தியே வையுங்கள். அந்த நேரத்தில் 'ஸ்ஸ்' என்று கசியும் ஓசை கேட்டாலோ ஆர்பிஎம் தள்ளாடினாலோ பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது, பிரேக்கே கெட்டியாகிவிடும்.

மூன்றாவது, பெட்ரோல் டேங்க்கின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு. காலையில் முதல் ஸ்டார்ட்டில், அந்த ஆவியைச் சேர்த்துவைக்கும் கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வையுங்கள். எஞ்சின் சூடாகும் முன் அங்கே உறிஞ்சல் இருக்கக் கூடாது. தொடர்ந்து உறிஞ்சினால் வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகத் திணறி, ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஓடும் வண்டியில் இதை முதலில் பாருங்கள்.

ஏ.சி. போட்டால் மோசமாவது

கம்ப்ரஷர் பிடிக்கும் முன்பே இசியு ஐட்லிங்கை 850 அளவுக்கு ஏற்றித் தயாராக வேண்டும். லைவ் டேட்டாவில் ஏ.சி. ரிக்வஸ்ட் ஆன் ஆவதும், இலக்கு ஆர்பிஎம் ஏறுவதும் தெரியும். இலக்கு ஏறியும் உண்மையான ஆர்பிஎம் ஏறாவிட்டால் காற்று வழியில் அடைப்பு, மறுபடி த்ராட்டில்தான். இலக்கே ஏறாவிட்டால் சுவிட்ச்சோ வயரோ.

இரண்டும் சரியாக இருந்து, நின்ற சில நிமிடங்களில் மட்டும் தொந்தரவு கூடினால் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரின் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது முன்காற்று கன்டென்சரைக் குளிர வைக்கும், நின்றால் ஃபேன் மட்டும்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ, கேஸ் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலோ கம்ப்ரஷரிலிருந்து வெளிவரும் கேஸின் (ஹை சைடு) அழுத்தம் எகிறும். 35 டிகிரி வெயிலில் 200 முதல் 250 பிஎஸ்ஐ சுற்றி இருக்க வேண்டியது 300-ஐத் தாண்டினால், அவ்வளவு பளுவையும் ஐட்லிங்கில் இருக்கும் எஞ்சின்தான் தள்ள வேண்டும். கேஸை அழுத்தம் பார்த்து ஏற்றாமல், வண்டியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

ஆல்டர்நேட்டரையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். மல்டிமீட்டரில் ஐட்லிங்கில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏ.சி., ஃபேன் எல்லாம் போட்டு 13-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் வோல்ட்டை அளந்தால் 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் எர்த் ஸ்ட்ராப் துருப்பிடித்திருக்கிறது. பேட்டரி மாற்றும் அவசரத்தில் இது தளர்வாக விடப்படுவதுண்டு.

பெட்ரோல் பக்கம்

பம்பைச் சந்தேகிக்கத்தான் வேண்டும் என்றால் பிரஷர் கேஜ் போட்டு அளந்து பாருங்கள். பெரும்பாலான போர்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் 3 முதல் 4 பார். சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஐட்லிங்கிலும், ரேஸ் செய்யும்போதும், ஏ.சி. பிடிக்கும்போதும் முள் நிலையாக நிற்க வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் பெரும்பகுதி அழுத்தம் தங்க வேண்டும். தங்காமல் இறங்கினால் பம்பின் செக் வால்வோ ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது. அதன் அறிகுறி காலையில் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது. உங்களுக்கு அது இல்லை.

இ20 பெட்ரோல் பற்றி ஒன்று. 10% எத்தனாலுக்கு அமைத்த வண்டியில் 20% போட்டால், அதே காற்றுக்கு ஏறக்குறைய 4% கூடுதல் எரிபொருள் தேவை. ஆக்சிஜன் சென்சர் பார்த்து இசியு இதைக் கூட்டிக்கொள்ளும், இது மட்டும் எஞ்சினை அணைக்காது. ஆனால் இன்ஜெக்டர் அடைப்பால் ஏற்கனவே +12% ஓடும் வண்டிக்கு இது மேல்சுமை. பேட்டரி கழற்றியபோது லாங் டெர்ம் ட்ரிம்மும் அழிந்திருக்கும். அதனால் மறுபடி கற்கும்வரை சில நாள் ஐட்லிங் தடுமாறலாம். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் டேங்க்கைக் காலியாக்கியே ஓட்டாதீர்கள். குறிப்பிட்ட ஒரு இடத்தில் நிரப்பிய பிறகு ஆரம்பித்த தொந்தரவு என்றால், கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு நின்றால் டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்வதுதான் வழி.

இவை எதிலும் இல்லை என்றால்

ஓடிக்கொண்டிருக்கும்போதே, வண்டி கியரில் உருளும்போதும் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்து, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சர். உங்களுடையது அப்படி இல்லை.

கடைசியாக எஞ்சினுக்குள். காலையில் பச்சையாக இருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மட்டும் ஐட்லிங் விழுந்தால் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) இறுகியிருக்கலாம். சிஎன்ஜி, எல்பிஜி போட்ட வண்டிகளில் இது அடிக்கடி வரும், வால்வு சீட் வேகமாகத் தேய்வதால். தேயத் தேய இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வு நீண்டதும் முழுதாக மூடாது. இந்த இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இல்லாத பல எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.2, எக்ஸாஸ்ட் 0.3 மி.மீ. சுற்றி இருக்க வேண்டும். உங்கள் எஞ்சினின் எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு பிளக்கும் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். 150 முதல் 200 பிஎஸ்ஐ, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10%-ஐ ஒட்டி. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: பேட்டரி டெர்மினலும் எர்த்தும், த்ராட்டில் சுத்தமும் மறுகற்றலும், பிரேக் பூஸ்டர் சோதனை, கன்டென்சர் ஃபேன். இதற்குள் முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன். அதுவரை நெரிசலில் ஓட்ட வேண்டியிருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு வேக்யூம் மிச்சம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும்.

சரியாகிவிட்டதா என்று வீட்டு வாசலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 20 கி.மீ. ஓட்டிச் சூடேற்றி, ஏ.சி. முழு வேகத்தில், ஹெட்லைட் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, பிரேக்கை மிதித்தபடி ஐந்து நிமிடம் நில்லுங்கள். கம்ப்ரஷர் பிடிக்கும்போது முள் ஒரு கணம் 50 ஆர்பிஎம் அளவுக்கு இறங்கி உடனே மேலே வர வேண்டும். அதற்கு மேல் விழுந்தால் லைவ் டேட்டாவைப் பதிவு செய்து, மேப் அளவையும் இரண்டு ட்ரிம்களையும் இங்கே எழுதுங்கள்.